பூவராகவன் வக்கீலின் கண்ணாடி

பொன்னேரிக் கோர்ட்டில் பூவராகவன் சர்க்கார் வக்கீலாக இருந்த காலத்தில் ஊர் அவருக்கு வைத்த பெயர் 'உள்ளே வக்கீல்'. அவர் எழுந்து தொண்டையைக் கனைத்தால் கூண்டில் நிற்பவன் உள்ளே போய்விடுவான், வேறு பேச்சே கிடையாது. சாராயப் பானை, கோழித் திருட்டு, வரப்புச் சண்டையில் மண்டை உடைப்பு, எதுவானாலும் மனுஷர் விட மாட்டார். கடைத்தெருவில் அவருடைய சைக்கிள் வந்தால் பாதிப் பேர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நிற்பார்கள், மீதிப் பேர் சந்துக்குள் புகுந்துவிடுவார்கள். சந்துக்குள் புகுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கையால் ஒரு தடவை உள்ளே போய் வந்தவர்கள்.

அப்படிப்பட்டவர் ஏன் வேலையை விட்டார் என்று கேட்டால், எருமையால்தான். எழுபத்தோராம் வருஷம் அவரைத் தர்மபுரிப் பக்கம் மாற்றி உத்தரவு வந்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டச் சொன்னார். அவர் மனைவி மணியம்மாள் மாட்டுக் கொட்டகையிலிருந்து தலையை நீட்டினாள்.

"எருமை ரெண்டும் செனையா கீது. நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல" என்றாள்.

"சர்க்கார் உத்தரவு, மணி."

"உங்களுக்குத்தானே உத்தரவு? எருமைக்கு வந்துச்சா?"

பத்து வருஷமாக எந்த வக்கீலிடமும் தோற்காதவர் அன்றைக்கு எருமையிடம் தோற்றார். மணியம்மாளின் சமையல் இல்லாமல் தர்மபுரியில் ஒரு வாரம் கூடத் தாங்காது என்பது அவருக்கும் தெரியும். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, கோர்ட்டுக்கு எதிரிலேயே ஓர் அறை பிடித்து, குற்றவாளிகளுக்காக வாதாடும் வக்கீல் என்று பலகை மாட்டினார். குமாஸ்தாவாக மோசஸ் வந்து சேர்ந்தான். மோசஸ் நடுத்தர வயசுக்காரன். சிரிக்காமல் கிண்டல் பேசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. "சார், குற்றவாளிகளுக்காகன்னு போட்டா எவன் வருவான்? குற்றம் சாட்டப்பட்டவங்களுக்காகன்னு போடுங்க" என்றான். பலகையை மாற்றி எழுதினார்கள். அப்போதும் ஒருவரும் வரவில்லை.

யார் வருவார்கள்? தம்மை உள்ளே தள்ளினவரிடமே போய், ஐயா என்னைக் காப்பாற்று என்று நிற்க யாருக்கு மனசு வரும்? முதலில் வந்தது வெளியூர்க் கோழித் திருடன் ஒருவன். அவனுக்கு விஷயம் தெரியாது. அந்தக் கேஸில் பூவராகவன் பழக்க தோஷத்தில் நேராகப் போய் சர்க்கார் வக்கீலின் நாற்காலியில் உட்கார்ந்தார். புதிதாக வந்திருந்த இளம் சர்க்கார் வக்கீல் ராஜவேலு மரியாதைக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். அதாவது பரவாயில்லை. வாதம் என்னவோ பிரமாதமாகத்தான் போயிற்று. முடிக்கும்போது மட்டும் வாய் தானாகப் பழைய தடத்தில் ஓடிவிட்டது. "ஆகவே கனம் கோர்ட்டாரவர்கள் இந்த எதிரிக்குக் கடுமையான தண்டனை வழங்கும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் பூவராகவன், நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார். கோழித் திருடன் கூண்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இந்தக் கதை அன்று சாயங்காலத்துக்குள் மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் ரயிலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் மூன்று வருஷம் பூவராகவனுக்கு நல்ல ஓய்வு. நிலத்து நெல் இருந்தது, எருமைப் பால் இருந்தது, அதனால் வயிற்றுக்குப் பேஜாரில்லை. மனசுக்குத்தான் பேஜார். எதிரே கோர்ட் நடக்கிறது, அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு வக்கீல் தொழில் என்றால் அவ்வளவு பிரியம். சும்மா இருப்பது அவரை அரித்தது. அதை மணியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும்.

எழுபத்து நான்காம் வருஷம் சித்திரை மாசத்தில் ஒருநாள், கையில் காலிக் கூடையோடு ஒரு பெண் அந்த அறைக்குள் வந்தாள். பின்னால் அவள் புருஷன் துலுக்காணம் வாசலிலேயே நின்றான். அவள் பெயர் எல்லம்மா. பழவேற்காடு ஏரியோரம் மணல்மேட்டுக் குப்பத்துக்காரி. விடியற்காலையில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, புதிதாக வந்திருக்கும் கம்பெனிகளின் வாசலில் ஷிப்டு விடும் நேரத்தில் இறால் விற்பவள்.

"ஐயா, என் தம்பிய சாராயக் கேஸ்ல உள்ள தள்ளினது நீங்கதான்" என்று ஆரம்பித்தாள்.

பூவராகவன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"அவன் காச்சினது நெஜந்தான், அத வுடுங்க. ஒருத்தர உள்ள எப்டி தள்றாங்கன்னு தெரிஞ்சவருக்குத்தான் வெளிய எப்டி இழுக்கறதுன்னும் தெரியும்னு வந்துக்கீறேன்."

மூன்று வருஷத்தில் பூவராகவன் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். மோசஸ் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான்.

விஷயம் இதுதான். வார்ப்படக் கம்பெனி ஒன்றின் வாசலில் கோபால் என்று ஒரு வாட்ச்மேன். தினமும் எல்லம்மாவின் கூடையில் கை விட்டு இரண்டு கை இறாலை அள்ளிக்கொண்டு போவான். காசு என்ற பேச்சே எடுக்க மாட்டான். ஒருநாள் அவள் கூடையை மூடிக்கொண்டு, "எறா துன்னணும்னா ஏரிக்கு வந்து எறங்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். தொழிலாளிகள் சிரித்தார்கள். அடுத்த வாரம், கம்பெனியின் பித்தளை வால்வு ஒன்று அவள் கூடையில் இறாலுக்கு அடியில் இருந்தது என்று கோபால் கத்தினான். ஓடைமேடு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு முனுசாமி வந்து அவளை அழைத்துப் போனார். திருட்டுக் கேஸ், இப்போது ஜாமீனில் இருக்கிறாள்.

"நீ எடுக்கலையே?"

"பித்தளைய நான் இன்னாத்துக்கு எடுக்கறேன்? எறாவுக்குப் போட்டு ஆக்கவா?"

பூவராகவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கவலைப்படாதே. சாட்சியில ஓட்டை இருக்கும். சந்தேகத்தின் பலனை உனக்குக் குடுத்து விட்டுடுவாங்க" என்றார்.

அதைக் கேட்டதும் எல்லம்மாவின் முகம் மாறியது. வாசலில் நின்ற துலுக்காணம் உள்ளே வந்தான்.

"சந்தேகம் வேணாங்க" என்றான். "சந்தேகம்னு ஒரு எழுத்து இருந்தாலும் நாங்க கெட்டோம்."

ஏரியில் இறால் நிறைய விழும் இடங்கள் சில உண்டு. எந்த வீடு எந்த நாளில் அங்கே வலை கட்டலாம் என்பதற்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருதரம் அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டுப் பாட்டைப் பிரிப்பார்கள். சீட்டுப் பானையில் பெயர் இல்லாத வீட்டுக்கு அந்த வருஷம் ஏரியில் இடமில்லை. திருட்டுப் பட்டம் வாங்கின வீட்டின் பெயர் பானையில் விழக்கூடாது என்பது மணல்மேட்டுக் குப்பத்தின் கட்டுப்பாடு. போன வருஷம் அந்த ஊரில் ஒருவனைக் கோர்ட் விடுதலை செய்தது. தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று இருந்ததாம். ஊர்த்தலைவர் அதைக் கேட்டுவிட்டு, "படிச்ச ஜட்ஜிக்கே சந்தேகம் தீரல, நமக்கு எப்டி தீரும்?" என்று அவன் பெயரை எடுத்துவிட்டார்.

"ஆடியில சீட்டு போடுவாங்க" என்றாள் எல்லம்மா. "எம் பசங்க ரெண்டு பேரும் தண்ணியிலதான் பொழைக்கிறாங்க. எல்லம்மா எடுக்கலன்னு எழுதி வாங்கிக் குடுங்க. இல்லன்னா வேணாம்."

சந்தேகத்தின் பலன் என்ற வார்த்தை பூவராகவனுக்குமே பத்து வருஷமாக ஆகாது. அப்படி விடுதலையானவர்களை எல்லாம் தப்பித்த திருடர்கள் என்றுதான் அவரும் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஊர்த்தலைவரும் தானும் ஒரே ஜாதி என்று தோன்றியது அவருக்கு. "எழுதி வாங்கித் தரேன்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் போன பிறகு மோசஸ், "எப்டி சார்?" என்று கேட்டான். "எனக்கு என்ன தெரியும்?" என்றார் பூவராகவன்.

கேஸ் விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட் நிரம்பி வழிந்தது. உள்ளே வக்கீல் யாருக்குத் தண்டனை கேட்கப் போகிறார் என்று வேடிக்கை பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. பூவராகவன் கவனமாக எதிர்ப்பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மறந்துவிடக் கூடாதென்று மோசஸ் காலையிலேயே அதன்மேல் துண்டு போட்டு வைத்திருந்தான்.

முதலில் கோபால் சாட்சி சொன்னான். பூவராகவன் எப்படிக் கேட்டாலும் பிடித்த பிடியை விடவில்லை. அடுத்து ஏட்டு முனுசாமி. முனுசாமி கெட்டவர் இல்லை, சோம்பேறி. எழுதினதை ஒப்பிப்பதில் கெட்டிக்காரர். அவரும் அசையவில்லை. கூண்டில் எல்லம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

மூன்றாவது சாட்சி சடையப்பன்.

சடையப்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடைமேடு ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவன். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், அதைக் கண்ணால் பார்த்ததாக ஒருத்தர் மகஜரில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் யார் விடுவார்கள்? பூவராகவன் சர்க்கார் வக்கீலாக இருந்த காலத்திலிருந்தே மகஜர் என்றால் சடையப்பன்தான். ஒரே ஒரு குறை, வாய். வாயைத் திறந்தால் மூட மாட்டான். முதல் கேஸில் எதிர் வக்கீல், "எத்தனை மணிக்குப் பார்த்தாய்?" என்று கேட்டதற்கு, பால் வந்த நேரம், மச்சான் வந்த நேரம், மச்சான் வாங்கின கடன் என்று போய்க் கேஸே கவிழ்ந்துவிட்டது. அன்றைக்குப் பூவராகவன் அவனை வராந்தாவில் நிறுத்தி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். "நீ யாரையும் பாக்காதே, என் கண்ணாடிய மட்டும் பாரு. கண்ணாடி மூக்கு மேல இருந்தா, ஆமாங்க. நான் கழட்டினா, ஞாபகம் இல்லீங்க. இந்த ரெண்டைத் தவிர மூணாவது வார்த்தை உன் வாயில இருந்து வரக்கூடாது." சடையப்பனின் நாக்கை அடக்க அவர் கண்டுபிடித்த வைத்தியம் அது. அப்போது அதில் ஒரு தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. பத்து வருஷம் அந்த ஏற்பாடு ஓடியது.

ராஜவேலு வந்த பிறகு சடையப்பன் பாடு திண்டாட்டம். ராஜவேலுவுக்குக் கண்ணாடியே கிடையாது. எதைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் மூன்று வருஷமாகத் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தான். அன்று குறுக்கு விசாரணைக்குப் பூவராகவன் எழுந்து நின்றதும், அந்தத் தடித்த சட்டம் போட்ட கண்ணாடியைப் பார்த்ததும், அவன் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏட்டு அந்த அம்மாவின் கூடையிலிருந்து வால்வை எடுத்தபோது நீ பக்கத்தில் இருந்தாயா?" என்று பூவராகவன் கேட்டார்.

"ஆமாங்க."

"உன் கண்ணால் பார்த்தாயா?"

"ஆமாங்க."

மேலே சுழன்ற காற்றாடி அந்த நேரம் பார்த்து நின்றது. புழுக்கம். பூவராகவன் நெற்றி வேர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே, "நன்றாக யோசித்துச் சொல். பார்த்தாயா?" என்றார்.

"ஞாபகம் இல்லீங்க."

கோர்ட்டில் சலசலப்பு. ராஜவேலு திரும்பிப் பார்த்தான். பூவராகவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இப்போதுதானே பார்த்தேன் என்றாய்?" என்றார்.

"ஆமாங்க."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. சோதித்துப் பார்க்க மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் பார்த்தாயா?" "ஞாபகம் இல்லீங்க." மாஜிஸ்ட்ரேட் எரிச்சலோடு, "என்னய்யா, விளையாடறியா?" என்று கேட்டார். சடையப்பன் பூவராகவனைப் பார்த்தான். கண்ணாடி கையில் இருந்தது. "ஞாபகம் இல்லீங்க" என்றான்.

பின்பெஞ்சில் மோசஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கேஸ் கையில் விழுந்துவிட்டது. கண்ணாடியை இப்படியே கையில் வைத்துக்கொண்டு பத்துக் கேள்வி கேட்டால் போதும், சாட்சிக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. சந்தேகத்தின் பலனில் எல்லம்மா வெளியே வந்துவிடுவாள்.

பூவராகவன் கூண்டைப் பார்த்தார். எல்லம்மா சிரிக்கவில்லை. அவள் உதடு, சந்தேகம் வேணாங்க, என்று சத்தமில்லாமல் அசைந்தது.

சாட்சி மறந்தால் போதாது, நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தக் கண்ணாடி கண்ணில் படுகிற வரைக்கும் அவன் சொல்ல மாட்டான். அந்தப் பழக்கத்தை உடைக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால் பத்து வருஷத்துப் பேரும் போய்விடும். பூவராகவன் நேராக மாஜிஸ்ட்ரேட்டின் மேஜைக்குப் போய், கண்ணாடியை மடித்து அதன்மேல் வைத்தார்.

"இந்தச் சாட்சி என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறான். மாட்டியிருந்தால் ஆமாம், கழற்றினால் ஞாபகம் இல்லை. அப்படிப் பழக்கியவன் நான். கண்ணாடி கோர்ட்டார் வசமே இருக்கட்டும். சாட்சியைக் கோர்ட்டாரே விசாரிக்க வேண்டுகிறேன்."

கோர்ட்டில் சிரிப்பு, கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. வராந்தாவில் நின்றவர்களும் விஷயம் தெரியாமலே சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் மேஜையைத் தட்டினார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷமா?"

"நான் சர்க்கார் வக்கீலாக இருந்த வரைக்கும்."

"நான் பார் கவுன்சிலுக்கு எழுதலாம், தெரியுமில்லே?"

"தெரியும்."

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார். சடையப்பன் பக்கம் திரும்பி, "என்னைப் பார். அன்னிக்கு என்ன நடந்தது, சொல்" என்றார்.

சடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். எங்கேயும் கண்ணாடி இல்லை. பத்து வருஷத்துக்கும் மேலாகக் கட்டிப் போட்ட வாய் அவிழ்ந்துகொண்டது.

"அன்னிக்கி பால் திரிஞ்சி போச்சிங்க. என் பொஞ்சாதி அஞ்சம்மாளோட அண்ணன்தான் பால் ஊத்தறவன், அவங்கிட்ட சண்ட வலிச்சிக்கினு இருந்தேன். தண்ணிய ஊத்தி ஊத்தி பால்னு சொல்றான்யா அவன், அத யார் கேக்கறது? அப்போ இந்த வாட்ச்மேன் கோபாலு பெஞ்சியில குந்திக்கினு நாஷ்டா துன்னுக்கினு இருந்தாரு. ரெண்டு வடையும் துன்னாரு. எறாக்காரி வாய்க்கு இன்னிக்கி வெச்சேன் பாருன்னு சொல்லி சிரிச்சாரு. மடியில இருந்து அந்தப் பித்தளைய எடுத்து ஏட்டையா கையில குட்த்தாரு. இது கூடையில இருந்துச்சின்னு எழுதிக்கோன்னாரு. ஏட்டையா என் பெஞ்சியிலயே எழுதினாரு. சடையப்பா போடுன்னாரு, கைய தொடச்சிக்கினு போட்டேன். அதுக்குள்ள மச்சான் ஓடிட்டான்."

"அப்போ இந்தப் பெண் எங்கே இருந்தாள்?"

"ஸ்டேஷனுக்குள்ள கூடையோட குந்தினு அழுதுக்கினு இருந்துச்சி. கூடைய யாரும் தொடவே இல்லீங்க. எறா வீணாப் போச்சேன்னுதான் அழுதுச்சி. நாந்தான் டீ கொண்டுபோய் குட்த்தேன். நல்ல பொம்பள. இத்தெல்லாம் நான் அன்னிக்கே சொல்லியிருப்பேன், யாரு கேட்டாங்க?"

கோபால் கதவுப் பக்கம் நகர்ந்தான். கோர்ட்டுச் சேவகர் டபேதார் குறுக்கே நின்றார். ஏட்டு முனுசாமி தம்முடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் எல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

பூவராகவனைக் கேட்டால், தம் பேர் கவிழ்ந்த அந்தப் பொழுதைப் போல சந்தோஷமான பொழுது கோர்ட்டில் தமக்கு வாய்த்ததே இல்லை என்பார். அது நிஜம். ஆனால் அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார் என்பதும் நிஜம். அந்த 'ஆமாங்க'வால் எத்தனை பேர் உள்ளே போனார்கள், அதில் செய்யாதவன் எவனாவது இருந்தானா என்று மனசு குடைந்தது. மணியம்மாள் கிண்ணத்தில் தயிரை வைத்து, "சாப்டுங்க. இனிமே வர்றவங்கள வெளியே இழுங்க" என்றாள். அவர் சாப்பிட்டார்.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. எல்லம்மா வால்வை எடுக்கவில்லை, அவள் மீது சுமத்தியது பொய் வழக்கு, அவள் களங்கமற்றவள் என்று ஒரு பத்தி. பூவராகவனைக் கண்டித்து இரண்டு பத்தி. கோபால், ஏட்டு முனுசாமி, சடையப்பன் மூவர் மீதும் பொய் சாட்சிக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஒரு பத்தி. பார் கவுன்சிலுக்கு எழுதுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும்போது மாஜிஸ்ட்ரேட், "புதுசா வேற சட்டம் போட்டுக்குங்க" என்று மட்டும் சொன்னார். அப்போது அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

"இதப் படிச்சிட்டு யார் சார் நம்மகிட்ட வருவாங்க?" என்று மோசஸ் கவலைப்பட்டான். மறுநாள் காலையில் அறை வாசலில் கூட்டம். மீன்காரிக்காகத் தன் தலையையே கொண்டுபோய் வைத்த வக்கீல் யார் என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் ஆளாக நின்றவன் சடையப்பன்.

"பொய் சாட்சின்னு எனக்கு சம்மன் வந்துக்கீது நைனா. நீதான் பேசணும்."

பூவராகவனுக்கு மறுக்க வாய் வரவில்லை. "பேசறேன். ஆனா நீயே எல்லாத்தையும் சொல்லிடு. எத்தனை நேரமானாலும் சரி" என்றார். பழக்கியவர் பூவராகவனே என்பதையும் சொல்லச் சொன்னார். அந்தக் கேஸில் சடையப்பன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினான் என்றும், கடைசியில் எச்சரித்து அனுப்பினார்கள் என்றும், அது கருணையினால் அல்ல, களைப்பினால் என்றும் மோசஸ் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆடி மாசத்தில், மணல்மேட்டுக் குப்பத்தில் சீட்டுப் போடும் நாளன்று, பூவராகவனை எல்லம்மா கூப்பிட்டிருந்தாள். தீர்ப்பை அவரே வந்து ஊர் முன்னால் படிக்க வேண்டும் என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டாராம். எல்லம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சடையப்பனும் ஒரு தூக்கு நிறைய டீயோடு வந்து சேர்ந்தான். அவன் கேட்ட மன்னிப்பு எறும்பு ஊர்வலம் மாதிரி நீண்டுகொண்டே போனதில், எல்லம்மா பாதியிலேயே, "சரி வுடு, சரி வுடு" என்று சொல்லிவிட்டாள்.

அம்மன் கோயில் முன்னால் மஞ்சள் பூசிய பானை இருந்தது. ஊர் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பெயராகச் சீட்டு விழுந்தது. துலுக்காணம் வீட்டுச் சீட்டு மட்டும் தலைவர் கையிலேயே இருந்தது. எல்லம்மாவின் பிள்ளைகள் இருவரும் கை கட்டி நின்றார்கள். எல்லம்மா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீலய்யா, ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்" என்றார் தலைவர். "அந்தத் தீர்ப்புல சந்தேகம்னு எங்கனாச்சும் எழுதிக்கிதா?"

பூவராகவன் தீர்ப்பின் நகலை விரித்து, படிப்பதற்காகச் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பக்கத்தில் நின்ற சடையப்பனின் வாய் அவனைக் கேட்காமலே திறந்தது.

"ஆமாங்க."

எல்லம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைவர் சீட்டை மடிக்கப் போனார். பூவராகவன் பதறிப்போய்க் கண்ணாடியைப் பிடுங்கினார்.

"ஞாபகம் இல்லீங்க" என்றான் சடையப்பன், தானே பயந்துபோய்.

கோர்ட்டுக்கு வந்திருந்த குப்பத்து ஆட்கள்தான் முதலில் வெடித்தார்கள். அவர்களுக்குக் கண்ணாடிக் கதை தெரியும். அது வாய்க்கு வாய் ஓடி, பெண்கள் பக்கம் போய், கடைசியில் தலைவரின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. பூவராகவன் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடியைக் கண்ணில் படாமல் எங்கேயாவது ஒழித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கைக்கு எட்டின எல்லம்மாவின் கூடைக்குள் போட்டுவிட்டுத் தலைவரின் முன்னால் போய் நின்றார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்தப் பத்தி அவருக்கு மனப்பாடம்.

"சந்தேகம்னு எங்கேயும் இல்லை. எல்லம்மா எடுக்கலைன்னுதான் எழுதியிருக்கு. எடுக்கலை. அவ்வளவுதான்."

பத்து வருஷம் வாதாடியும், ஒருத்தரைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய்த்ததே இல்லை. தலைவர் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தார். அப்புறம் சடையப்பனைப் பார்த்தார்.

"அவனக் கேக்காதீங்க" என்றார் பூவராகவன்.

தலைவர் சிரித்துவிட்டார். சீட்டு பானைக்குள் விழுந்தது. துலுக்காணம் துண்டால் கண்ணைத் துடைத்தான், பிள்ளைகள் இருவரும் விசில் அடித்தார்கள். பானையைக் குலுக்கி எடுத்தபோது துலுக்காணம் வீட்டுக்கு நடுவாந்தரமான பாடுதான் விழுந்தது. அதற்கே அன்று அங்கே மேளம் வைக்காத குறை.

சடையப்பனின் டீ எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, பூவராகவன் பஸ்ஸுக்குக் கிளம்பினார். எல்லம்மா கூடையை அவர் முன்னால் நீட்டினாள். அதன் அடியில் மூக்குக் கண்ணாடி கிடந்தது.

"ஐயா, இப்பதான் என் கூடையில நெஜமாவே ஊரான் பொருள் கெடக்குது. ஏட்டையாவக் கூப்புட்டு மகஜர் எழுதச் சொல்லுங்க."

சடையப்பன் எட்டிப் பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எழுதச் சொல்லு, நான் கையெழுத்துப் போடறேன்" என்றான். "வக்கீலய்யாவே போட்டாரு. இத என் கண்ணால பாத்தேன்."